பன்னிரண்டாம் எண் சட்டையில் வேறொரு பெண்

1996 அக்டோபர் 14, திங்கட்கிழமை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை, அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் பார்க்க வந்தவர்கள் நான், அப்பா, வெர்ன் பெரியப்பா, லோயிஸ் பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பெண்கள், போதகர் ஹால்வர்சன், அவர் மனைவி, ஆக எட்டுப் பேர். அறுவடை நேரம், வர வேண்டாம், நான் அதிகம் ஆடமாட்டேன் என்று நீ போனில் மூன்று தடவை சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. உங்கள் கல்லூரி அணி ஒஹாயோவிலிருந்து நம் வீட்டுக்கு நாற்பது மைலில் வந்து ஆடுகிறதே, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் சாப்பாட்டு மேஜை போடுவது வழக்கமாயிற்றே என்று ஹாம் வைத்த பன் அறுபது, பூசணிக் கேக் மூன்று தட்டு கொண்டுபோனோம்.

உன் பன்னிரண்டாம் எண் சட்டை மைதானத்துக்குள் ஓடி வந்ததுமே அப்பா எழுந்து உன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார், கண்ணாடியை டிராக்டரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு ஓட்டத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீ இடது தோளை முன்னால் தள்ளித்தான் ஓடுவாய், அந்தப் பெண் நிமிர்ந்து ஓடியது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கோல் போட்டபோது அப்பா போதகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடைவேளையில், அணியோடு வந்திருந்த உன் அறைத்தோழி கோரின் வேலியோரம் வந்து, "உங்களுக்குத் தெரியாதாம்மா? ஆகஸ்ட்ல டீமுக்கு ஆள் எடுத்தப்பவே அவள எடுக்கலையே. இப்ப பிள்ளைங்க தாங்களே நடத்துற கிளப் டீமுக்கு அவதான் எல்லாமே" என்றாள். அவள்மேல் கோபப்படாதே, பெருமையாகத்தான் சொன்னாள். கிளப்புக்குப் பயிற்சியாளர் கிடையாதாம், நடுவரைத் தேடிப் பிடிப்பதும், வண்டி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், வேன் ஓட்டுவதும் நீதானாம், பந்தை உதைக்கவே தெரியாத இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டாயாம்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார், எல்லாம் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். "என்னடா ஆர்லன், ஊரான் வீட்டுப் பொண்ணுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சா" என்று பெரியப்பா கிண்டலாகக் கேட்டார், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் பன் கொடுக்கும்போது அந்தப் பெண்ணை அப்பாவே கூப்பிட்டு, நான் கத்தியது என் மகள் பெயரை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றார். அது முதல் வருஷப் பிள்ளை, வீடு ரொம்பத் தூரம், பார்க்க யாரும் வரவில்லை. "தெரியும் சார். எனக்கு கார்னர் உதைக்கச் சொல்லிக் குடுத்ததே பிரிட்டாதான். யார் பேரா இருந்தா என்ன, எனக்காக ஒருத்தர் கத்துனது நல்லாத்தான் இருந்துச்சு" என்றது. அப்பா அதன் தட்டில் இன்னொரு பன்னை வைத்தார்.

திரும்பி வரும்போது அப்பாதான் வண்டி ஓட்டினார். முப்பது மைல் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே, "ஆடாம பெஞ்சுல உக்காரவா அவ்வளவு தூரம் போறன்னு ஜூலையில நான்தான கேட்டேன், மார்லிஸ். அதான் எங்கிட்ட சொல்லல" என்றார். விளையாட்டாகக் கேட்ட வார்த்தை அது, உனக்கு அப்படி விழவில்லை போலிருக்கிறது. ஏழு ஞாயிற்றுக்கிழமை போனில் பயிற்சி நன்றாகப் போகிறது என்றாய், பொய் இல்லை, எந்த அணி என்று நான்தான் கேட்கவில்லை. ஆனால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி திருநாளுக்கும் பயிற்சி, வர முடியாது என்றாயே, ஃபிரிட்ஜில் ஒட்டிய கல்லூரி அணிப் பட்டியலில் கடைசி ஆட்டம் நவம்பர் இரண்டாம் தேதி என்று இருக்கிறது, அதைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும். அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்துதானே வரவில்லை என்கிறாய்? நேற்று நீ கூப்பிடவில்லை, நாங்கள் அடித்தபோதும் எடுக்கவில்லை. அப்பா மூன்று மணியிலிருந்து போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், கன்றுகளுக்குத் தீனி வைக்கக்கூட என்னைத்தான் அனுப்பினார்.

அவர் வாயால் கேட்கமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். இன்று காலை சாலை வரைபடத்தை விரித்து உன் கல்லூரி வரை நூல் வைத்து அளந்தார், அறுநூற்று இருபது மைல் வருகிறது. கிளப் ஆட்டத்துக்குப் பெற்றோர் யாரும் வருவதில்லை என்று கோரின் சொன்னாள், நாங்கள் இரண்டு பேர் வந்து நின்றால் உனக்குக் கூச்சமாக இருக்குமா என்று அப்பாவுக்குக் கவலை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுது, வருத்தப்படமாட்டோம், ஆனால் நன்றி திருநாளுக்கு வீட்டுக்கு வந்துவிடு. வேன் ஓட்டும்போது பின்னால் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல், ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருக்காதே. அந்த வண்டியில் ஏறுகிற எல்லாப் பிள்ளைகளையும் கர்த்தர் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகக் கொண்டுவரட்டும்.

உங்கள் ஆட்டம் எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு? மாடுகளைப் பார்த்துக்கொள்ள அப்பா ஆள் சொல்ல வேண்டும், அதனால் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
மார்லிஸ்