சிவப்புப் பெட்டிக்குள் விழுந்த சம்மதம்

ஃபைலி
3 ஏப்ரல் 1968

அன்புள்ள எனிட் அக்கா,

இங்கு அனைவரும் நலம், என் முழங்காலைத் தவிர. கடற்கரைக்குப் போகலாம் என்றால் அது மருத்துவர் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. அதனால் கடற்கரையில் இருக்கும் என் மரக்குடிலை விற்றுவிட முடிவு செய்துவிட்டேன். "அதுல ஒக்காந்து தூங்குனதத் தவிர என்னத்தக் கிழிச்ச?" என்கிறாள் மார்ஜொரி. மனைவி சொல்லை நான் என்றும் மதிப்பவன். மறுக்கத் தைரியம் கிடையாது.

ஜூனில் நீ ஓய்வு பெறுகிறாய். லீட்ஸில் உன் ஜன்னலைத் திறந்தால் எரிவாயுத் தொட்டி. கடலைப் பார்த்துத் திறக்கும் ஒரே ஒரு கதவு போதும் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறாய்! நூற்றிருபது பவுண்டு. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். தபாலில் பதில் போடு.

உன் தம்பி,
வில்ஃப்

லீட்ஸ்
5 ஏப்ரல்

அன்புள்ள வில்ஃப்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துத் தட்டச்சுப் பொறிமேலேயே அழுதுவிட்டேன். "மிஸ் தாக்ரே, கண்ணீர் நாலு நகல்லயும் விழுந்திருக்கா?" என்று கேட்டார் எங்கள் வக்கீல்.

அந்தக் கூரை ஒழுகுவது ஊருக்கே தெரியும். நூறு பவுண்டு தருகிறேன். கூரைக்குத் தார் பூசிக் கொடு.

அன்புடன்,
எனிட்

ஃபைலி
9 ஏப்ரல்

அக்கா,

நூறா? கூடப் பிறந்தவனிடமே சந்தைப் பேரமா?

இருபத்திரண்டு வருடம் வக்கீலுக்குத் தட்டச்சு செய்தவள் நீ. கிறிஸ்துமஸ் தவறாமல், விருந்து மேசையில் வறுத்த வாத்தை வெட்டவிடாமல் எங்களுக்குச் சட்டப் பாடம் நடத்துகிறவள்: "ஒருத்தன் ஒரு வெல சொன்னா, அத அப்படியே ஒத்துக்கணும். கொறச்சுக் கேட்டியோ, அவன் சொன்னது அங்கயே செத்துப்போச்சு!" பாடம் சொன்னவளே கொன்றுவிட்டாயே. நீ நூறு என்றதும் என் நூற்றிருபது காலமாகிவிட்டது.

கோபம்தான். ஆனாலும் புதிதாகச் சொல்கிறேன்: நூற்றிருபது, ஒழுகும் கூரையோடு. மாதக் கடைசிவரை காத்திருப்பேன். தபாலில் எழுது.

வில்ஃப்

லீட்ஸ்
18 ஏப்ரல், காலை

அன்புள்ள வில்ஃப்,

ஈஸ்டர் விடுமுறையால் சேமிப்பு வங்கி நேற்றுத்தான் திறந்தது. சரி. நூற்றிருபது. கூரை ஒழுகட்டும், குடை பிடித்துக்கொள்கிறேன். பத்து மணித் தபாலில் சேர்க்கிறேன்.

எனிட்

ஃபைலி
18 ஏப்ரல், மாலை

அக்கா,

திட்டாமல் படி. மதியம் மதுக்கடையில் கறிக்கடை பிளென்கின்சாப் பிடித்துக்கொண்டான். "டேய் வில்ஃப், நூத்தம்பது தர்றேன், கையக் குடு" என்றான். மூன்றாவது கோப்பையில் இருந்தேன். கை தானாகப் போய்விட்டது. உனக்குச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். காத்திருப்பதாகக் காசு வாங்காமல் சும்மா சொன்ன வாக்கு யாரையும் கட்டாது என்பதும் உன் வாத்துப் பாடம்தான்.

வில்ஃப்

லீட்ஸ்
19 ஏப்ரல்

வில்ஃப்,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. பாடத்தில் பாதியைக் கேட்டிருக்கிறாய்; மீதிப் பாதியைச் சொன்னபோது உன் வாய் நிறையக் கிறிஸ்துமஸ் இனிப்பு இருந்திருக்கும். கேள். தபாலில் பதில் போடு என்றாய் அல்லவா? என் சம்மதம் சிவப்புப் பெட்டிக்குள் விழுந்த நொடியே குடில் என்னுடையது. உன் கைக்கு வந்ததா என்பது பேச்சே இல்லை. நீ திரும்பப் பெறுவதோ, என் கைக்கு வந்தால்தான் செல்லும். நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் பெட்டியில் போட்டபோது நீ இன்னும் முதல் கோப்பையைக்கூடத் தொட்டிருக்கமாட்டாய்.

பிளென்கின்சாப்பிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் எங்கள் வக்கீல் சொல்வார்.

எனிட்

ஃபைலி
24 ஏப்ரல்

எனிட்,

இரண்டு கடிதமும் கிடைத்தன. சாவி இத்துடன்.

விஷயத்தைச் சொல்லப் போனபோது பிளென்கின்சாப் கடையில் எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். "அக்காகிட்டக் கேட்டுட்டுக் கை குடுக்கணும்டா தம்பி" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஊர் சிரிப்பது எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் நானே ஏற்பாடு செய்வதுதான். இது நான் ஏற்பாடு செய்யாதது.

"எனக்கு வேணும்டா வில்ஃப்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவன் காலில் விழுந்தாவது உனக்கு வாங்கித் தந்திருப்பேன். நீ வக்கீலைக் காட்டினாய்.

வில்ஃப்ரெட் தாக்ரே

குடில், ஃபைலி
20 ஜூன் 1968

அன்புள்ள வில்ஃப்,

நீ சாவி அனுப்பிய பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

நேற்று நீ கடற்கரைப் பாதையில் போனதைப் பார்த்தேன். குடில் வந்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாய். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக நடப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. கடல் நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு நேரம்தான் தனியாகப் பார்ப்பது?

ஞாயிறு நாலு மணிக்கு வா. நண்டு சாண்ட்விச் வாங்கிவைக்கிறேன். மார்ஜொரியையும் கூட்டி வா, திட்ட ஆள் வேண்டும்.

ஊரில் மௌனம் சம்மதம் என்பார்கள், சட்டம் ஒப்பாது. 'பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன்' என்று எழுதினால் செல்லாது. அதை என் கையாலேயே எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். இருந்தும் எழுதுகிறேன் தம்பி: நீ பதில் போடாவிட்டால், வருகிறாய் என்றே எடுத்துக்கொண்டு மூன்று கோப்பைத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

உன் அக்கா