சத்தமாகப் படிக்க வேண்டாம்

அக்டோபர் 6, திங்கள்

அண்ணன் குடும்பக் குழுவில் செய்தி போட்டுவிட்டான். "19ஆம் தேதி ஞாயிறு மதியம் என் வீட்டில். எல்லாரும் சம்பளத் தாளோடு வரவும்." வருஷா வருஷம் நடக்கிற கூத்து. சாப்பிட்டு மேசையைத் துடைத்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வான். அப்பாவின் பென்ஷன், அண்ணியின் பள்ளிக்கூடச் சம்பளம், என்னுடையது, தன்னுடையது என்று ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்து நோட்டில் எழுதுவான். "நம்ம கணக்குப்பிள்ளை இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்பார் அப்பா. அப்புறம் எல்லாருடைய வருமான வரிக் கணக்கையும் அவனே போட்டுவிடுவான். காசு செலவில்லை.

செலவில்லையாம்! போன வருஷம் என் போனஸை அவன் படித்தான். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அம்மாவுக்குப் புது ஃப்ரிட்ஜ் முடிவாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு இந்த வருஷம் நான்தான் பொறுப்பு. சம்பளம் கூடியது வீட்டில் யாருக்கும் தெரியாது. தையல்கடை மாடியில் எனக்கென்று ஓர் ஒற்றை அறை பார்த்து வைத்திருக்கிறேன். 25ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அண்ணன் வாயைத் திறந்து அந்தத் தொகையைப் படித்தால் அறை போச்சு.

நானே போட்டுவிட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒரே லென்ஸை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே பவர். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 8, புதன்

வேலை முடிந்து ஒரு வரி ஆலோசகரிடம் போனேன். என் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு சம்பளம், ஒரு வங்கி வட்டி. பத்து நிமிஷ வேலைதாம்மா" என்றார். கட்டணத்தைக் கேட்டேன். என் நாலு நாள் சம்பளம். பத்து நிமிஷத்துக்கு நாலு நாளா? யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அவர் கொடுத்த காபியைக் குடித்ததே தப்போ என்று இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

செல்போனில் ஒரு செயலி. "முற்றிலும் இலவசம்" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. மதிய இடைவேளை முழுக்க உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த தேதி, முகவரி, பழைய முகவரி — ஜாதகம் ஒன்றுதான் கேட்கவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தினால், வட்டி வருமானம் இருப்பதால் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டுமாம். வட்டியா அது? ஒரு டீக்குக் காணாது!

பக்கத்து மேசையில் ஃப்ரேம் பாலிஷ் போடுகிறவள் சிரித்தாள். "நாம மட்டும் என்ன? ஃப்ரேம் ஃப்ரீன்னு போர்டு வெச்சுட்டு லென்ஸுல காசு பிடுங்கறோமே."

அவள்தான் சொன்னாள், நூலகத்தில் சனிக்கிழமை காலை இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று. சின்னக் கணக்குகள் மட்டும்தானாம். என்னுடையதைவிடச் சின்னது இருக்குமா?

அக்டோபர் 11, சனி

டோக்கன் 22. அங்கே கட்டிப் போட்டிருக்கிற பேனா எழுதாது. என் முறை வரும்வரை நாலு தடவை வெளியே போய்விட்டு வந்தேன்.

சுருட்டைமுடிப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவளாம், பொறுமையாகப் பார்த்தாள். "வரி வெப்சைட்ல உங்க பேர்ல ஏற்கெனவே அக்கவுண்ட் இருக்குக்கா. ஓ.டி.பி. போயிருக்கு, சொல்லுங்க." என் போனுக்கு எதுவும் வரவில்லை. "47ல முடியற நம்பர்" என்றாள்.

அண்ணன் நம்பர் 47இல் முடியாது. அண்ணியுடையதும் இல்லை. அப்பாவுடையது எனக்கு மனப்பாடம்.

யாருடா இந்த 47?

"பழைய ரசீதுல முழு நம்பரும் இருக்கும். அது இல்லாம உள்ள போக முடியாது, அடுத்த சனிக்கிழமை வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

போன வருஷம் அண்ணன் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்தேன். மூலையில் பொடி எழுத்தில் அந்த நம்பர். கடையின் பின்வாசலுக்கு வந்து கூப்பிட்டேன்.

எடுத்தவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே படிவம் நிரப்பிக் கொடுக்கிற கடைக்காரர். என் பெயரைச் சொன்னதும், "பெயிண்ட் கடையில வேலை பாக்கறவர் தங்கச்சியா? இந்த வருஷம் அண்ணன் இன்னும் வரலையேம்மா?" என்றார்.

அவரே சொல்லிக்கொண்டு போனார். "முதல் வருஷம் அவரே போட்டாரு. உங்கப்பா பென்ஷனை ரெண்டு இடத்துல எழுதிட்டாரு. நோட்டீஸ் வந்துடுச்சு. சரி பண்ண என்கிட்ட ஓடி வந்தாரு. அதுலேர்ந்து ஏழு வருஷமா நாலு பேருக்கும் நான்தாம்மா. ஆளுக்கு இவ்வளவுன்னு சொன்னதைக் குடுத்துட்டுப் போவாரு. வீட்ல சொல்லாதீங்கன்னாரு... அடடா, உங்களுக்குத் தெரியாதா?"

ஏழு வருஷம்! கணக்குப்பிள்ளையாம் கணக்குப்பிள்ளை. சொந்தக் காசைக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவானா? அப்போ அந்த நோட்டு எதுக்கு? சத்தமா படிக்கறது எதுக்குடா?

அக்டோபர் 15, புதன்

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப் போகிறேன். வாக்கியம்கூடத் தயார். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த நோட்டீஸ் வந்த அன்று அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வி ஏன் நடுவில் வருகிறது? எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

போட்டாச்சு. படிவக் கடைக்காரர் போனில் ஓ.டி.பி.யைச் சொன்னார். சுருட்டை என் நம்பரை மாற்றிவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். செலவு, பேருந்துக் கட்டணம். கடைசிப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னாள்.

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

சாப்பாடு முடிந்தது. மேசை துடைத்தாயிற்று. அண்ணன் கண்ணாடியை மாட்டினான். "உன் தாள் எங்க?"

"நான் போட்டுட்டேன். லைப்ரரில."

அப்பாவுக்குக் கோபம். "வீட்லயே கணக்குப்பிள்ளை இருக்கான். நீ எதுக்கு ஊர் ஊரா அலையறே? அப்படி என்ன மறைக்கற?"

வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மெதுவாகக் கேட்டான், "ஓ.டி.பி. எந்த நம்பருக்குப் போச்சு?"

"47ல முடியற நம்பருக்கு. கேட்டு வாங்கிக்கிட்டேன்."

அவன் காது மடல் சிவந்தது. பேனாவை மூடினான், திறந்தான். அண்ணி ஒன்றும் புரியாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதற்கு மேல் பேசவில்லை. ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது. அவன் பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

அண்ணன் நோட்டை மூடிவைத்தான். "விடுங்கப்பா. அவ சம்பளம், அவ போட்டுக்கறா. நீங்களும் தாளை மடிச்சுக் குடுங்க. இனிமே யாரும் சத்தமா படிக்க வேண்டாம்."

அப்பா வாயைப் பிளந்தபடி பார்த்தார். மடித்துத்தான் கொடுத்தார்.

அக்டோபர் 22, புதன்

அண்ணனிடமிருந்து தனிச் செய்தி. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. "அந்த லைப்ரரில ஆளுக்கு ஒரு டோக்கனா, மூணு பேருக்கும் ஒண்ணு போதுமா?"

"ஆளுக்கு ஒண்ணு. ஒன்பதுக்கே வா. பேனா கொண்டு வா."

அக்டோபர் 25, சனி

எட்டு மணிக்கே தையல்கடைக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன். சாவி பையில் இருக்கிறது. அம்மாவிடம் நாளை சொல்ல வேண்டும். அழுவாள். சொல்லத்தான் வேண்டும்.

அங்கிருந்து நூலகம். அண்ணன் எனக்கு முன்பே வந்து வரிசையில் நின்றான், பிளாஸ்டிக் உறையில் மூன்று தாள்கள், சட்டைப்பையில் இரண்டு பேனா. பக்கத்தில் போய் நின்றேன். எதற்கு வந்தாய் என்று அவன் கேட்கவில்லை.

டோக்கன் 9. சுருட்டை எங்களைக் கூப்பிட்டாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவின் பென்ஷன் தாளை என் பக்கம் நகர்த்தி, அவள் காதில் விழாமல் கேட்டான்:

"இதை ஒரு தடவைதானே எழுதணும்?"