கீழக் கொட்டாயின் கொழுப்புக் கணக்கு

அண்ணே,

பெங்களூர் கம்ப்யூட்டரிலிருந்து இன்று காலை தாள் வந்தது. ஓரமெல்லாம் துளையிட்ட அகலத் தாள். மை வாசனை இன்னும் போகவில்லை. கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.

சானமாவு வழியிலிருக்கும் நம் மாட்டுப் பண்ணையில் நீங்கள் கீழக் கொட்டாயில் பால் அளந்து எழுதினீர்கள். நான் ஆபீசில் புள்ளிவிவரம் பார்த்தேன். மேலக் கொட்டாயைவிட உங்கள் கொட்டாயில் சராசரிப் பால் குறைவு, கொழுப்பு அதிகம். மடியிலிருந்து முதலில் வரும் பால் நீர்த்தது, கடைசியில் வருவது கெட்டி. ஆகவே முதல் பாலை யாரோ எடுத்துக்கொண்டு மீதியை அளக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினேன். அந்த 'யாரோ' யார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

என் மேசைக்கு எதிரே வந்து நின்றீர்கள்.

"மேலக் கொட்டாய்ல கறவை கொறஞ்ச மாட்ட வித்துட்டு நோட்டுல பேரையும் அடிச்சுடறாங்க கணக்கம்மா. நான் நோஞ்சானையும் சேத்து எழுதறேன். அவ்ளோதான்."

பால் வேண்டுமானால் அதனால் மாறலாம் என்றேன். கொழுப்பைப் பார்த்து யாரும் மாட்டை விற்பதில்லையே, அது ஏன் மாறுகிறது என்று கேட்டேன். நீங்கள் கறவைக்குத் திரும்பிப் போனீர்கள். நான் ஜெயித்ததாக நினைத்தேன். உங்களைச் சாணி அள்ளப் போட்டார்கள். அடுத்த மழைக்கு நீங்கள் உயிரோடு இல்லை.

இப்போது ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பாலும் கொழுப்பும் சேர்ந்த இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் நிறையவும் ஓரங்களில் கொஞ்சமுமாக விழும் எண்களில், ஓர் அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் மிஞ்சுவதன் சராசரி என்ன என்று அது சொல்லும். சோதித்துப் பார்க்க, கைக்குக் கிடைத்த உங்கள் பழைய நோட்டின் எண்களைக் கொடுத்தேன். பாலை மட்டும் பார்த்துத்தான் வெட்டச் சொன்னேன். பால் ஏறியது, கொழுப்பு தானாக இறங்கியது. அதிகம் கறக்கும் மாட்டுக்குக் கொழுப்பு குறைவு, அண்ணே. நோஞ்சான்கள் போனால் அவற்றின் கொழுப்பும் கூடவே போய்விடுகிறது. வந்த இரண்டு எண்களும் அப்படியே அன்றைய மேலக் கொட்டாயின் எண்கள்.

மத்தியானமே தாளை எடுத்துக்கொண்டு மத்திகிரியில் உங்கள் வீட்டுக்கு, அண்ணியிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார்கள். அழவில்லை.

"அவரு எடுக்கலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்கம்மா. இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கொட்டாய்ல போய்ச் சொல்லுங்க."

நாளைக் காலைக் கறவைக்கு இரண்டு கொட்டாய் ஆட்களும் இருப்பார்கள். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: நீங்கள் பால் எடுக்கவில்லை, தப்பு என் கணக்கில். தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் பெயர்வரை வருகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.