கல்லூரி பார்க்கப் போய்ப் பெண்ணை மாற்றி ஏற்றிய கதை

அன்புள்ள வெஸ்லி,

இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை ஹேட்டி மூவரும் சௌக்கியம். வேனின் பக்கக் கதவுதான் இன்னும் பூட்ட மாட்டேன் என்கிறது. அங்கே நீயும் உன் தாடியும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? உன் தீவில் போன் பேச ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் அறுந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். போன தடவை நீ எழுதியதில் குளிரைப் பற்றி ஒரு பக்கம், மீன் பதனிடும் எந்திரத்தைப் பற்றி ஒரு பக்கம், உன்னைப் பற்றி "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே ஒரு வரி. அதை நான் ஏழெட்டுத் தடவை படித்தேன், அதற்குமேல் அதிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

ஹேட்டிக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்த விஷயம் உனக்குத் தெரியும். மே ஒன்றாம் தேதிக்குள் எது என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றும் போய்விடும். அவளோ எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உங்கள் இருவருக்கும் அந்த வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தார்களோ. சரி, நேரில் போய்ப் பார்த்தால் ஒரு முடிவு வரும் என்று ஏப்ரல் விடுமுறையில் மூவரும் வேனில் கிளம்பினோம். உன் அப்பா தானியக் கிடங்குகளைச் சோதனை போடுகிற அதே அட்டையில் நாற்பத்து நான்கு கேள்விகள் எழுதிக்கொண்டார். கல்லூரியைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஹேட்டியின் போனை வாங்கி வேனின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நம் வீட்டிலிருந்து எட்டு மைலில் இருக்கிற முதல் கல்லூரியில் பட்ட அவமானத்தைக் கேள். சுற்றிக்காட்டுகிற மாணவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார்கள் அல்லவா, உன் அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "படி இருக்கு தம்பி, தூண் இருக்கு தம்பி" என்று வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தார். அதுவரை ஒரு வருஷமாக எதிலும் இடிக்காமல் நடந்த அந்தப் பையன், இவர் சொன்னதும் திரும்பிப் பார்த்தான், நேராகப் போய் நீரூற்றில் உட்கார்ந்துவிட்டான். அதற்கும் அசராமல் இவர் விடுதி அறையில் மாதிரிக்குப் போட்டிருந்த கட்டிலில் ஷூவோடு படுத்து நீளம் பார்த்தார். கழிவறைகளில் தண்ணீரைத் திறந்துவிட்டு நொடி எண்ணினார். நான் மட்டும் என்ன ஒழுங்கு, சாப்பாட்டுக் கூடத்தில் பிசைந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அதில் வெண்ணெய் போதாது என்று சமையற்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஹேட்டி எங்களுக்கு இருபது அடி பின்னால் எங்களைத் தெரியாதவள் போல நடந்து வந்தாள். அவளை மட்டும் குறை சொல்லக்கூடாது, எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதே இருபது அடி பின்னால்தான் வந்தார்கள், யார் பிள்ளை யார் என்று சொல்ல முடியாத ஒரு மந்தை.

அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டாவது கல்லூரியில் ஒரே தூறல். வாசலிலேயே பிள்ளைகள் எல்லோருக்கும் கல்லூரி பேர் போட்ட, தொப்பி வைத்த பச்சை ஹூடியை இலவசமாகக் கொடுத்தார்கள். பதினாறு பிள்ளைகளும் அதை மாட்டிக்கொண்டு தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சுற்றிப் பார்த்து முடிந்ததும் உன் அப்பா சலவை எந்திரங்களை இன்னொரு முறை எண்ண வேண்டும் என்றதால் ஹேட்டி முன்னாலேயே வேனுக்குப் போய்விட்டாள். நாங்கள் வந்தபோது பின்சீட்டில் பச்சைத் தொப்பியோடு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே என் கோட்டைப் போர்த்திவிட்டுக் கிளம்பினோம். அந்த ஒரு மணி நேரமும் உன் அப்பா அவளுக்குச் செலவைப் பற்றி, படிப்பைப் பற்றி, கெட்ட சகவாசத்தைப் பற்றி ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டே ஓட்டினார். பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஹாட் டாக் வேண்டுமா என்று கேட்டேன். "ரொம்ப தேங்க்ஸ், ரெண்டு கிடைக்குமா?" என்று பதில் வந்தது. தேங்க்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குத் திக்கென்றது, நம் வீட்டில் அப்படிச் சொல்கிற பிள்ளை கிடையாது. தொப்பியைத் தள்ளினால் மூக்கில் மூக்குத்தியும் கன்னத்தில் குழியுமாக வேறு ஒரு பெண்.

பேர் கோரா பெல்லமி. அவர்கள் வேனும் நம் வேனைப்போலவே வெள்ளிநிறம், பக்கத்திலேயே நின்றிருக்கிறது, பூட்டாத கதவைத் திறந்து ஏறிப் படுத்துவிட்டாள். உன் அப்பா அவ்வளவு நேரம் பேசினாரே, வேறு ஆள் என்று தெரியவில்லையா என்று கேட்டால், எங்க அப்பாவும் இதையேதான் பேசுவார் ஆன்ட்டி, அதனால வித்தியாசம் தெரியல என்கிறாள். தன் போனில் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அந்த மனிதர் ரொம்ப நேரம் நம்பவில்லை. "நீ எனக்குப் பின்னால தூங்கிட்டிருக்க, எப்படிப் போன் பண்ற?" என்றாராம். நம் ஹேட்டி நம் வேன் என்று நினைத்து ஏறியது அவர்கள் வேனில், அதே தொப்பி, அதே தூக்கம். அவர்களும் அடுத்து நாங்கள் போகிற ஏரிக்கரைக் கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், சரி அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பிறகு அந்தக் கோரா வழியெல்லாம் எங்களோடு பேசினாள் பார், எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தனக்கு வரலாறு பிடிக்கும், அம்மாவுக்காகக் கணக்குப்பதிவு என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். உன் அப்பா அட்டையை மூடி வைத்துவிட்டு, வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவளோடு சேர்ந்து யோசித்தார். உன்னோடோ ஹேட்டியோடோ அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெல்லமி குடும்பம் சேர்ந்திருந்த கூட்டம் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டது, எங்களை அடுத்த கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கல்லூரியை முழுக்க முழுக்க அடுத்தவர் பெண்ணோடு பார்த்தோம். கோரா இருபது அடி பின்னால் வரவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுவில் புல்வெளிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். நம் ஹேட்டி கூட்டத்துக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிவிட்டு, கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாள், கோராவின் அம்மா மிஸஸ் பெல்லமியின் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். வெஸ்லி, எனக்கு வயிறு எரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்திமேல் அப்படிப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. உன் அப்பாவும் பார்த்தார், பார்த்துவிட்டு அதற்குப் பிறகு எந்தக் கழிவறைக்குள்ளும் போகவில்லை.

பார்க்கிங்கில் வைத்துப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டோம். மிஸஸ் பெல்லமி நல்ல மாதிரி. உங்க பொண்ணு வாய் மூடவே இல்லீங்க என்றாள். என்ன பேசினாள் என்று கேட்டேன், அதை அவளே சொல்லட்டும் என்று என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். ஹேட்டி வேனில் ஏறினாள், தொப்பியை இழுத்துவிட்டாள், படுத்துவிட்டாள். எது பிடித்தது என்று உன் அப்பா கேட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருபது மைல் போனோம். எனக்கு என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

"நம்ம அயோவா மாநில எல்லை வர்ற வரைக்கும் நான் உன் அம்மா இல்ல. மிஸஸ் பெல்லமி. இப்ப சொல்லு."

உன் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அவர் தொடையில் ஒன்று வைத்தேன். அப்புறம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பச்சைக் காலேஜ்தான் எனக்குப் புடிச்சிருக்கு, மிஸஸ் பெல்லமி. ஆனா அண்ணன் போனதுலேருந்து எங்கம்மா சாப்பாட்டு மேஜையில நாலு தட்டு எடுத்து வச்சுட்டு ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கிறாங்க. நானும் போயிட்டா ரெண்டை உள்ள வைக்கணும். அதான் எட்டு மைல்ல இருக்குற காலேஜ்லயே சேர்ந்துக்கலாம்னு இருக்கேன்."

நான் அழுதேன், மறைக்கவில்லை. நான் அப்படித் தட்டு எடுக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. அவளிடம், உங்கம்மாவுக்கு ரெண்டு தட்டுதான் எடுக்கணும்னு பழகிக்கத் தெரியும், நீ பச்சைக்கே போம்மா என்று மிஸஸ் பெல்லமியாகவே சொன்னேன். எல்லைப் பலகை தாண்டிய பிறகும் அவள் நிறுத்தவில்லை, வீடு வரைக்கும் மிஸஸ் பெல்லமி மிஸஸ் பெல்லமி என்று இருநூறு மைல் பேசினாள், உன் அப்பாவை மிஸ்டர் பெல்லமி என்றாள், அவரும் ம் கொட்டினார். மறுநாள் காலையில் சமையலறைக்கு வந்து, "அம்மா, பச்சைக்கே எழுதிட்டேன்" என்றாள்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் பயன் பெற வேண்டுமானால் முதல் காரியமாக அடுத்த குடும்பத்தோடு பிள்ளையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உன் அப்பா இப்போது தேவாலயத்தில் எல்லோருக்கும் சொல்லி வருகிறார். இரண்டு பேர் பெல்லமி குடும்பத்தின் முகவரியே கேட்டிருக்கிறார்கள். அட்டையில் நாற்பத்தைந்தாவது கேள்வியும் சேர்த்துவிட்டார்: வேனில் இருப்பது நம் பிள்ளைதானா?

எந்திரத்தில் கையை விடாதே, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி இத்துடன் வருகிறது, ஈரத்தோடு போடாதே. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், நல்ல சிநேகிதர்களும் சுடச்சுடச் சாப்பாடும் உனக்குக் கிடைக்கட்டும். ஒன்று மறக்காதே. அடுத்த கடிதத்திலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதினால் எனக்குப் போதாது. அம்மாவிடம் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் மிஸஸ் பெல்லமிக்கு எழுது. நம் வீட்டு முகவரிதான்.

என்றும் உன் அம்மா,
டோரீன் ஆஸ்ட்ராண்டர்