மீட்டரும் என் வயிறும்

மீட்டர் மாமாவுக்கு,

கார் சாவியைத் தேடாதீர்கள், இன்று வேலைக்கு நான் எடுத்துக்கொண்டு போகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்!

அழகுக்கென்று பெரிய சக்கரம் மாட்டிய நாளிலிருந்து, "மெதுவா போங்க, வயித்தைக் கலக்குது" என்று நான் கத்த, "எண்பதுலதான் போறேன், மீட்டரைப் பாரு" என்று நீங்கள் கத்த, போன வாரம் கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கே போனேனே? நேற்று இங்கே வந்திருந்த அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டிப் பார்த்தேன். மீட்டரில் எண்பது. அவள் போனில் இருந்த மேப்போ எண்பத்தெட்டு என்றது! சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

டயர் கடைக்காரரைக் கேட்டேன். "டயர் பெருசாச்சுல்லக்கா, ஒரு சுத்துக்கே கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் சுத்தை மட்டும்தான் எண்ணும். டயர் மாத்துனது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். என் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

குழாய் ரிப்பேர்காரர் வருவார். உங்களைப் பார்த்துச் சிரித்தால் கோபப்படாதீர்கள், போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். முட்டை ஆளுக்கு இரண்டு.

அப்புறம், தூரத்தையும் மீட்டர் குறைத்துத்தான் காட்டுமாம். என்னைக் கூட்டிப்போக நாற்பது கிலோமீட்டர் வந்ததாகச் சொல்லிக்காட்டினீர்களே, அது நாற்பத்து நாலு. உங்களுக்கே தெரியாமல் நாலு கிலோமீட்டர் கூடுதலாக வந்திருக்கிறீர்கள்.

என் முட்டையில் ஒன்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.