புளி போட்டுத் துலக்கிய மெலோடிக்கா

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் மகன் காலையில் பசியாற உட்காரும்போது இன்னும் உங்கள் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ரொட்டியைப் பிய்க்கிறார். போன வாரம் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதென்று கடிதம் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வேலை யாரால் நிலைத்தது என்பதையும் எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

எச்சில் என்றால் உங்களுக்கு எவ்வளவு ஆகாது என்பது நம் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. பெற்ற மகன் குடித்த தம்ளரைக்கூட மூன்று தடவை அலம்பாமல் எடுக்க மாட்டீர்கள். ஒருநாள் பாயசத்தில் இனிப்புப் பார்க்க நான் கரண்டியை நாக்கில் வைத்துவிட்டேன். சட்டி மொத்தமும் பக்கத்து வீட்டு வாத்துகளுக்குப் போனது. அப்படிப்பட்ட மாமியார் ஆளுகிற வீட்டுக்குள் மெலோடிக்காவைக் கொண்டுவந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் திடலில் பாட இருந்தார்கள். பள்ளியில் இருந்த ஒரே வாத்தியம் அதுதான். பியானோ மாதிரிக் கட்டைகள் வைத்து, வாயால் ஊதி வாசிப்பது. நீங்கள் அதற்கு வைத்த பெயர் ஊதுபெட்டி. நான் அப்போது தற்காலிக டீச்சர். திங்கட்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து ஒத்திகை பார்ப்பார், பாட்டும் வாத்தியமும் சரியாக இருந்தால் என்னை வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வேறு ஆள் வருவார் என்று பெரிய வாத்தியார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வாசித்து முடித்ததும் அடியிலிருக்கும் சின்னப் பித்தானை அழுத்திக்கொண்டு பலமாக ஒரு ஊது ஊதி, உள்ளே தங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். துணியால் துடைத்து, காயவைத்து, பிறகுதான் பெட்டியில் போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செமாபோக்கில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போகிற அவசரத்தில், சாமி மாடத்துக்கு மேலிருந்த பலகையில் அதை அப்படியே நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

மதியம் திரும்பி வந்தபோது முற்றத்து வெயிலில் முறம் இருந்தது. முறத்தில் குத்துவிளக்கு, மணி, தீபத்தட்டு. அவற்றின் நடுவே மூடி கழன்ற மெலோடிக்கா. உள்ளிருக்கும் பித்தளை நாக்குகளெல்லாம் தங்கம்போல் மின்னிக்கொண்டிருந்தன. தையல் மிஷின் திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, புளி போட்டுத் துலக்கியிருந்தீர்கள்.

"விபூதித் தட்டுல எச்சி சொட்டுதும்மா. தொறந்து பாத்தா உள்ள ஒரே பச்சை. இதப் போயி வாயில வைப்பியா நீ?" என்றீர்கள்.

நான் முறத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுக்குப் போனதற்கு ஒருத்தி அழுவாளா என்று நீங்கள் திகைத்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூடியை மாட்டி ஊதிப் பார்த்தேன். எல்லாக் கட்டையும் பேசியது, ஒன்றைத் தவிர. பாட்டு தொடங்குகிற கட்டையே ஊமையாகிவிட்டது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராரு அத்தை. என் வேலை போச்சு."

"எது கத்தல? அதுல புளி நாரு கீரு மாட்டியிருக்கும். எடுத்துட்டாப் போச்சு."

"எடுத்து எடுத்து ஊதிப் பாக்கணும். நாப்பது புள்ளைங்க வாய் வெச்சது. நீங்க வேற தொடாதீங்க. போதும்."

உங்களிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். பெரிய வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் குடியிருக்கும் புக்கிட் காதில் என்ற ஊர் வரை போனேன். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, நாளை என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

நம் வீட்டுக்கு வரும் சடக்குச் சாலையில் திரும்பியதும் அது கேட்டது. ஒற்றை ஸ்வரம். நீளமாக, கொஞ்சம் நடுங்கி, நின்று, மறுபடியும். யாரோ மூச்சுப் பிடித்து ஊதுகிறார்கள். உங்கள் மகன் அன்று வேலையில். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வாசலிலேயே நின்றுவிட்டேன். நெற்றி நிறைய விபூதி, மூக்குக் கண்ணாடி, வாயில் மெலோடிக்கா. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பக்கத்தில் தினக்காலண்டர் தாளைக் கிழித்து மடித்த சின்னச் சின்னக் கீற்றுகள். அவற்றைப் பித்தளை நாக்குக்கு அடியில் விட்டு இழுப்பதும், மூடியை வைத்து ஊதிப் பார்ப்பதுமாக எத்தனை தடவை செய்தீர்களோ, எனக்குத் தெரியாது. காலடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. முடிந்ததும் தலை முழுகத் தயாராக வைத்திருந்தீர்கள். மலையைத் தூக்கி வைத்தவரைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்த்தேன் அத்தை. கும்பிடத் தோன்றியது.

வேலிக்கு அந்தப் பக்கம் நீலா அக்கா எட்டிப் பார்த்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வீட்டுக்காரர், பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். "சியாப்பா தியுப்?" என்று கேட்டார். யார் ஊதியது என்று. நீங்கள் மறைக்கக்கூட இல்லை. வாயிலிருந்து எடுத்து, "சாயா" என்றீர்கள். நான்தான்.

பிறகு பித்தானை நீங்களே அழுத்தி ஊதினீர்கள். உங்கள் உள்ளங்கையில் நான்கைந்து துளிகள் விழுந்தன. உதற நினைத்த கை அப்படியே நின்றது.

"நான் துப்பலையேம்மா. சும்மா ஊதத்தானே செஞ்சேன்?"

"மூச்சுதான் அத்தை. உள்ள பட்டுத் தண்ணியாவுது."

"மூச்சுக்குள்ள தண்ணியா?" கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். "உள்ள போற மூச்சு வெறும் காத்து. வர்ற மூச்சு மட்டும் எங்கேருந்தும்மா தண்ணி கொண்டாருது?"

நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். விளக்கு வைக்கும் நேரமாயிற்று. வாளித் தண்ணீரில் கையை மட்டும் நனைத்துக்கொண்டு, குளிக்காமலே போய் விளக்கேற்றினீர்கள்.

மறுநாள் ஊமைக்கட்டை பேசியது. சுருதி சற்றே ஏறியிருந்தது. பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரித்தார்கள், இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கவில்லை. திடலில் கொடிகளுக்கு நடுவே அவர்கள் பாடியதைக் கேட்க நீங்கள் குடையோடு வந்து நின்றீர்கள். "என் கட்டை கத்துச்சா?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வியைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் வாத்தியாரிடம் கேட்டேன். தாமதமாகத்தான் கேட்டேன், மன்னியுங்கள். மூச்சு உள்ளே போய்த் திரும்பும்போது நம் உடம்பிலிருக்கும் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு வருகிறதாம். தூங்கும்போதும், திட்டும்போதும், சும்மா இருக்கும்போதும். உங்களிடம் சொல்ல ஓடி வந்தேன். அன்றுதான் நீங்கள் நோயில் படுத்தீர்கள். எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஐந்தாம் நாள், வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரி டிரெசர் வந்து, உங்கள் மூக்கருகே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. இதுதான் அத்தை, நீங்கள் கேட்டது இதுதான், உங்களுக்குள்ளிருந்து வருகிறது என்று காதருகே சொன்னேன். கேட்டதா? அடுத்த முறை பிடித்தபோது கண்ணாடி துளிகூட மங்கவில்லை. அதில் என் முகம்தான் தெரிந்தது.

இனி ஒருநாளும் ஈரத்தோடு அதைப் பெட்டியில் வைக்க மாட்டேன். எவ்வளவு அவசரமானாலும் பித்தானை அழுத்தி, ஊதி, துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இது சத்தியம்.

நீங்கள் வாய் வைத்த இடத்தில் தினமும் வாய் வைக்கிற உங்கள் மருமகள்,
சரோஜா