சத்தத்தில் தூங்கும் அண்ணன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. அண்ணன் லீவில் வந்தது சந்தோஷம். எல்லையில் அவனுக்கு வானம் பார்க்கிற வேலை. இங்கேயும் அதேதான். படுக்கிறான், கண் மூடுவதில்லை. மீன் குழம்பு மட்டும் மறுபடி மறுபடி.

அம்மா: "நல்லாத் திங்கிறான். ஒறங்கத்தான் மாட்டேங்குறான்."

கண் சிவந்து கிடக்கிறது.

ஜூலை 9, புதன்

சாரல் விட்டது. திராட்சைப் பந்தலில் இலை கிள்ளும்போது கேட்டேவிட்டேன். முகம் பார்க்காமல்தான்.

"அண்ணே, அங்கன ட்ரோனுக்குப் பயமா?"

"சத்தம் போட்டு வர்றது வரட்டும் பாப்பா, சுட்டுருவோம். இப்ப சிலது தலைக்கு மேல வந்தாலும் காதுக்குக் கேக்காது. ரேடார்லயும் ஒரு கொக்கு அளவுக்குத்தான் தெரியும்."

ரேடார் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தானே. அவனே சொன்னான். இருட்டில் டார்ச் அடிக்கிற மாதிரியாம். இந்த ட்ரோனில் பட்ட வெளிச்சம் சரியாகத் திரும்பி வராதாம்.

"அப்ப கொக்கையும் சுடுவீகளா?"

சிரித்தான். "ஒனக்கும் வாய் இருக்கு பாரேன்."

நாள் முழுக்க அதே நினைப்பு. நான் சிரிக்க வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். பக்கத்து வயலில் மருந்தடிக்க ட்ரோன். குளவிக் கூடு கலைந்த மாதிரி இரைச்சல். அண்ணன் பயந்துவிடுவான் என்று ஓடினேன். பந்தலடிக் கட்டிலில் வாய் திறந்து தூக்கம்!

ட்ரோன் இறங்கியது, சத்தம் நின்றது. உடனே விழித்துக்கொண்டான். முதலில் மேலேதான் பார்த்தான்.

சத்தம் இருந்தால் தூங்குகிறான். அமைதிதான் ஆகவில்லை.

ட்ரோன்காரரை இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொல்ல நினைத்தேன். முகம் தெரியாத ஆள். வரப்பு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவுக்குத் தெரியாமல் அரிசி ஊறப்போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மதியம் அண்ணன் படுத்ததும் கிரைண்டரைப் போட்டேன். எங்கள் பழைய கிரைண்டர் தெருமுனை வரை கேட்கும்.

அம்மா வந்தாள். "ஏ புள்ள, முந்தாநேத்து அரைச்ச மாவே குண்டான் நெறையாக் கெடக்கு. யாருக்கு இம்புட்டு?"

உள்ளறையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். குறட்டை.

திரும்பி வந்து கிரைண்டர் கல்லில் தண்ணீர் தெளித்தாள். "உளுந்தும் ஊறப் போட்டுரு. நாளைக்கு ஆகும்."

கரண்ட் மட்டும் போகக்கூடாது.